எபிசோட் 41: ஆட்சிக்கும் வழிபாட்டுக்கும் ஒரே சொல்

(பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம போகப் போற இடம் ஆதி ஜப்பான். சாமுராய்கள் வர்றதுக்கு முன்னாடி, கியோட்டோன்னு ஒரு தலைநகரம் உருவாகிறதுக்கு முன்னாடி இருந்த ஜப்பான். அங்கே மதமும் அரசாங்கமும் எப்படி ஒண்ணாவே பிறந்து ஒண்ணாவே வளர்ந்ததுன்னு பார்க்கப் போறோம்.

ஆனா கதையை 1940-லிருந்து ஆரம்பிக்கிறேன். காரணம் இருக்கு.

1940 பிப்ரவரி, டோக்கியோ. சுடா சோகிச்சி என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர். வயது 66. அவர் எழுதிய நாலு புத்தகங்களை அரசாங்கம் தடை செய்கிறது. அவர் பாடம் நடத்திய வசேடா பல்கலைக்கழகத்தை விட்டு ஏற்கெனவே விலக வேண்டியதாகிவிட்டது. அடுத்த மாதமே அவர் மேலேயும், புத்தகத்தை வெளியிட்ட இவானாமி ஷிகேயோ மேலேயும் வழக்கு. 1942-ல் தீர்ப்பு வந்தது: பேராசிரியருக்கு மூணு மாதச் சிறை, பதிப்பாளருக்கு ரெண்டு மாதம். தண்டனையை நிறுத்தி வச்சாங்க, ஆனா குற்றவாளின்னு சொல்லிட்டாங்க. குற்றம் என்ன? அரச குடும்பத்தின் மாண்பைக் கெடுத்தது.

அப்படி என்னதான் எழுதினார்? கொஜிகி, நிஹோன் ஷோகி என்று ரெண்டு பழைய நூல்கள். ஒண்ணு 712-ல் முடிந்தது, இன்னொண்ணு 720-ல். ஜப்பானில் இன்னைக்கும் கையில் இருக்கிற மிகப் பழைய வரலாற்று நூல்கள் இவைதான். அதில் தொடக்ககாலப் பேரரசர்களைப் பற்றி வரும் பகுதி நடந்த வரலாறு இல்லை, அரச குடும்பத்தோட உரிமையை நிலைநாட்ட அரசவையில் இருந்தவங்க பிற்பாடு உருவாக்கினதுன்னு அவர் எழுதினார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஜப்பான் முழுக்கக் கொண்டாட்டம். முதல் பேரரசர் ஜிம்மு அரியணை ஏறி 2,600 வருஷம் ஆச்சுன்னு விழா. அந்த வருஷம் படையில் சேர்ந்த போர் விமானத்துக்கு 'ஜீரோ'ன்னு பேர் வந்ததே, 2600-ன் கடைசி எண்ணிலிருந்துதான். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியார், 'ஐயா, அந்த 2,600 கணக்கே பிற்பாடு எழுதினது' என்கிறார்.

1,200 வருஷத்துக்கு முந்தைய புத்தகம். அதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி. அதுக்கு ஏன் ஒரு அரசாங்கம், கையில் போர் விமானமும் கப்பற்படையும் வச்சிருக்கிற அரசாங்கம், பயப்படணும்? இன்னைக்கு எபிசோடோட கேள்வி இதுதான்.

ஒரு சொல்

ஜப்பானிய மொழியில் 'மட்சுரி' என்றால் திருவிழா, வழிபாடு. 'கொத்தோ' என்றால் காரியம். ரெண்டையும் சேர்த்தா 'மட்சுரிகொத்தோ'. வழிபாட்டுக் காரியம்னுதானே பொருள் வரணும்? ஆனா அந்தச் சொல்லுக்குப் பொருள் அரசாட்சி.

தமிழ்க் காதுக்கு இது அந்நியமா இருக்காது. 'இறை'ங்கிற ஒரே சொல்லுக்குக் கடவுள், அரசன், வரின்னு மூணு பொருளும் நம்ம அகராதியில் இருக்கு. ஆனா ஜப்பானில் இந்த ஒட்டு சொல்லோட நிற்கலை. சட்டமாச்சு, அரசாங்கத் துறையாச்சு. எப்படின்னு வரிசையாப் பார்ப்போம்.

ஜப்பான் தீவுகளில் மனுஷங்க பத்தாயிரம் வருஷத்துக்கும் மேல வேட்டையாடி, மீன் பிடிச்சு, காடுகளில் கொட்டைகள் பொறுக்கி வாழ்ந்தாங்க. அந்தக் காலத்துக்கு ஜோமோன்னு பேர். மண்பானையில் கயிறால் அழுத்தின தடம் இருக்கும், அதனால் வந்த பேர். அப்புறம் கி.மு. முதல் ஆயிரமாண்டில் கொரியத் தீபகற்பம் வழியா ஒரு விஷயம் வந்து எல்லாத்தையும் மாத்திடுச்சு. அது நெல்.

நெல் வந்தா என்னாகும்? வரப்பு வேணும், வாய்க்கால் வேணும், தண்ணிப் பங்கு வேணும். அறுத்த நெல்லுக்குக் களஞ்சியம் வேணும். களஞ்சியம் இருந்தா அதைத் திருட ஆள் வருவான், காக்க ஆள் வேணும். கியூஷு தீவில் யோஷினோகாரின்னு ஒரு தொல்லியல் தளம் இருக்கு. ஊரைச் சுத்தி அகழி, காவல் கோபுரம். புதைச்ச தாழிகளைத் திறந்து பார்த்தா, தலையில்லாத ஒரு எலும்புக்கூடும் கிடைச்சது. நெல் சோறு மட்டும் போடலை, சண்டையையும் கூட்டிக்கிட்டு வந்தது.

சண்டையை நிறுத்த ஒருத்தர் வேணும். மழை வரவும் ஒருத்தர் வேண்டணும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா?

உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தன்

அப்படி ஒரு ஆள் இருந்தாங்க. பேர் ஹிமிகோ. நமக்கு அவங்களைப் பத்தித் தெரியறது ஒரு சீன நூலிலிருந்து. அப்போ ஜப்பானியர்களுக்குன்னு எழுத்துப் பதிவு கிடையாது. 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென் ஷோ என்ற சீன வரலாற்றாசிரியர் தொகுத்த நூலில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற 'வா' மக்களைப் பத்தி ஒரு பகுதி வருது.

அதில் வர்ற செய்தி இது. அந்த நாட்டில் எழுபது, எண்பது வருஷம் ஆண் அரசன் ஆண்டான். அப்புறம் வருஷக்கணக்கில் உள்நாட்டுச் சண்டை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு பெண்ணை அரசியாக்கினாங்க. அவள் ஆவிகளோடு தொடர்புடைய சடங்குகளில் வல்லவள். கல்யாணம் பண்ணிக்கலை. அரசியான பிறகு அவளைப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி. சுத்தி ஆயிரம் பணிப்பெண்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவும், அவள் சொல்றதை வெளியே வந்து சொல்லவும் ஒரே ஒரு ஆண். நாட்டை நடத்த அவளோட தம்பி உதவியா இருந்தான்.

உள்ளே ஒருத்தி, கண்ணுக்குத் தெரியாம, சாமியோட பேசுறவள். வெளியே ஒருத்தன், வேலையைப் பார்க்கிறவன். இந்த ஏற்பாட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. இது திரும்பத் திரும்ப வரப் போகுது.

ஹிமிகோ சாமியாடி மட்டும் இல்லை, நல்ல அரசியல்வாதியும்கூட. 239 வாக்கில் சீனத்தின் வெய் அரசுக்குத் தூது அனுப்புறாங்க. அங்கிருந்து அரசிப் பட்டம், தங்க முத்திரை, நூறு வெண்கலக் கண்ணாடிகள் எல்லாம் வருது. 248 வாக்கில் அவங்க இறந்ததும் ஒரு ஆண் அரசனை உட்கார வைக்கிறாங்க. யாரும் அவனை மதிக்கலை. நடந்த கலவரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செத்தாங்க. கடைசியில் ஹிமிகோவின் உறவுக்காரப் பொண்ணு, 13 வயசு, அவளை அரசியாக்கினாங்க. நாடு அமைதியாச்சு.

13 வயசுப் பொண்ணுகிட்ட என்ன படை இருந்திருக்கும்? ஒண்ணும் இல்லை. அவளிடம் இருந்தது, எல்லாரும் ஏத்துக்கிற ஒரு புனிதம். வாளால் முடியாததை அது செஞ்சது.

இவ்வளவு பெரிய ஆள் ஹிமிகோ. ஜப்பானியர்களே எழுதின கொஜிகியில் அவங்க பேர் இல்லை. ஏன்னு இன்னும் கொஞ்ச நேரத்தில் புரியும்.

பார்க்க முடியாத மேடு

ஹிமிகோ காலத்தை ஒட்டி, 3-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து பெரிய பெரிய மண்மேட்டுக் கல்லறைகள் கட்ட ஆரம்பிச்சாங்க. கோஃபூன்னு பேர். சின்னதும் பெரிசுமா ஜப்பான் முழுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கு. அதில் பெரிய தலைவர்களோட மேடு மேலிருந்து பார்த்தா சாவித் துவாரம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வட்டம், இன்னொரு பக்கம் விரிஞ்ச சதுரம்.

இதில் பெரிசு ஒசாகா பக்கத்தில் சகாய் நகரத்தில் இருக்கு. டைசென் கோஃபூன். மேட்டோட நீளம் மட்டும் 486 மீட்டர். சுத்தி மூணு அடுக்கு அகழி. நான் ஜப்பான் போனப்போ இதைப் பார்த்தே ஆகணும்னு ட்ரெயின் பிடிச்சு மொஸு ஸ்டேஷனில் இறங்கினேன். அஞ்சு நிமிஷம் நடந்தா வந்துடும். போய் நின்னா, எதிர்ல தண்ணி, தண்ணிக்கு அந்தப் பக்கம் மரம். அவ்வளவுதான். சாதாரணக் காட்டுக்குன்று மாதிரி இருக்கு. நான் அங்கேயே நின்னு போனில் மேப்பைத் திறந்து சாட்டிலைட் படத்தைப் பார்த்தப்போதான் சாவித் துவாரம் தெரிஞ்சது. கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதைப் பார்க்க ஆகாயத்துக்குப் போக வேண்டியிருந்தது.

1985-ல் ஒரு கட்டுமான நிறுவனம் கணக்குப் போட்டது. பழைய முறையில் இதைக் கட்டணும்னா, நாளுக்கு 2,000 பேர் வரை வேலை செஞ்சாலும் 15 வருஷம் 8 மாதம் ஆகும். அந்த 2,000 பேருக்கும் சோறு போடணும். அப்படி ஆளைத் திரட்ட முடிஞ்ச அதிகாரம் 5-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்துடுச்சுன்னு அர்த்தம். இதைத்தான் யாமத்தோ அரசுன்னு சொல்றோம். இன்றைய நாரா, ஒசாகா பகுதிதான் அதன் மையம்.

நான் பாலம் தேடினேன். கிடையாது. வேலி, முன்னாடி ஒரு தோரி வாசல், அதுக்கு இந்தப் பக்கம் நின்னு கும்பிட்டுட்டுப் போகலாம். உள்ளே பொதுமக்கள் போக முடியாது. தொல்லியலாளர்களுக்கும் முழு அகழாய்வுக்கு அனுமதி இல்லை. ஏன்னா இது பேரரசர் நிந்தொகுவின் சமாதின்னு அரசக் குடும்ப அலுவலகம் நிர்வகிக்குது. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகும் அதே நிலைதான். இதில் ஒரு சிக்கல் இருக்கு. நிஹோன் ஷோகியின் கணக்குப்படி நிந்தொகு இறந்தது 399. தொல்லியலாளர்கள் இந்த மேட்டை 5-ஆம் நூற்றாண்டு நடுவில்னு சொல்றாங்க. அப்போ உள்ளே இருக்கிறது யார்? தோண்டினாத்தான் தெரியும். தோண்டக் கூடாது.

அந்த வேலிக்கு முன்னாடி நிக்கும்போதுதான் எனக்கு சுடா சோகிச்சி ஞாபகம் வந்தார். அவரும் இப்படி ஒரு வேலியைத் தாண்டித்தான் எட்டிப் பார்த்தார்.

புதுசா ஒரு சாமி

யாமத்தோ அரசனைச் சுத்திப் பெரிய குலங்கள் இருந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலசாமி, ஒரு வேலை. மொனோனோபே குலம் படைக்கு. நாகாதோமி குலம் சடங்குக்கு. சோகா குலம் கஜானாவுக்கும், கொரியாவிலிருந்து வந்து குடியேறின கைவினைஞர்கள், எழுத்தர்களுக்கும் பொறுப்பு. அவங்க கும்பிட்டது 'காமி'. கடவுள்னு மொழிபெயர்ப்பதைவிட 'சாமி'ன்னு சொன்னா நமக்குச் சட்டுன்னு புரியும். மலை, அருவி, பழைய மரம், இறந்த பெரியவர், எதுவும் காமியா இருக்கலாம். நாரா பக்கம் மிவா மலை இருக்கு. அங்கே இருக்கிற ஓமிவா கோயிலில் சாமி குடியிருக்கிற கருவறைக் கட்டடமே கிடையாது. மலையேதான் சாமி.

6-ஆம் நூற்றாண்டு நடுவில், 538 அல்லது 552, கொரியாவின் பெக்ஜே அரசன் ஒரு புத்தர் சிலையும் சில சூத்திர நூல்களும் அனுப்புறார். பளபளன்னு பொன்முலாம் பூசின சிலை. பேரரசர் கின்மெய் அமைச்சர்களைக் கூப்பிட்டு, 'இதைக் கும்பிடலாமா?'ன்னு கேட்கிறார். சோகா தலைவர், மேற்கே எல்லா நாடும் கும்பிடுது, நாம மட்டும் விடலாமான்னார். மொனோனோபேயும் நாகாதோமியும், வெளிநாட்டுச் சாமியைக் கும்பிட்டா நம்ம காமிகளுக்குக் கோபம் வரும்னாங்க.

கேட்கப் பக்தி மாதிரி இருக்கு. ஆனா கணக்கு வேற. நாகாதோமிக்குச் சடங்குதான் பிழைப்பு, புது சாமி வந்தா அவங்க அதிகாரம் போச்சு. சோகாவுக்குக் கொரியத் தொடர்புதான் பலம், புது சாமி வந்தா அவங்க அதிகாரம் கூடும்.

பேரரசர் சோகாகிட்டயே சிலையைக் கொடுத்து, நீங்க கும்பிட்டுப் பாருங்கன்னார். கொள்ளைநோய் வந்தது. பழி புத்தர் மேல் விழுந்தது. கோயிலை எரிச்சு, சிலையைக் கால்வாயில் வீசினாங்க.

இந்தச் சண்டையில் எல்லாரும் மறக்கிற ஒரு ஆள் இருக்காங்க. ஜப்பானில் முதன்முதலாப் புத்தத் துறவு பூண்டது ஆண் இல்லை, பெண்கள். 584-ல் மூணு பேர். அவங்களில் மூத்த துறவியான ஜென்ஷின்னுக்கு அப்போ வயசு 11-ன்னு நிஹோன் ஷோகி சொல்லுது. அடுத்த வருஷம் மறுபடி நோய் வந்தப்போ, மொனோனோபே ஆட்கள் அந்த மூணு பேரையும் பிடிச்சு, துறவாடையை உருவி, சந்தைக்கடை நடுவில் சாட்டையால் அடிச்சாங்க. அதுக்கு அப்புறமும் அவங்க விடலை. 588-ல் கடல் கடந்து பெக்ஜே போய், துறவிகளுக்கான ஒழுங்குகளை முறையாப் படிச்சு, 590-ல் திரும்பி வந்தாங்க. பெரிய குலங்கள் அதிகாரக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்த இடத்தில், நம்பிக்கைக்காக அடி வாங்கினது இந்தப் பொண்ணுங்கதான்.

கடைசித் தீர்ப்பை 587-ல் போர்க்களம் சொன்னது. சோகா ஜெயிச்சது, மொனோனோபே தலைவர் செத்தார். புத்தர் நாட்டுக்குள் வந்துட்டார். அஞ்சே வருஷத்தில், 592-ல், சோகா தலைவர் உமாகோ ஆள் வச்சுப் பேரரசரையே கொன்னார். கொன்னுட்டு அவரே அரியணையில் உட்கார்ந்தாரா? இல்லை. சுயிகோ என்ற பேரரசியை உட்கார வச்சார். அவங்களுக்குத் துணையா நிர்வாகம் பார்த்தது மருமகன் இளவரசர் ஷோட்டோக்கு. பார்த்தீங்களா, உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தன். ஹிமிகோ ஏற்பாடு திரும்ப வந்துடுச்சு.

ஷோட்டோக்கு பேரில் வர்ற ரெண்டு விஷயம் முக்கியம். 603-ல் அதிகாரிகளுக்குப் பன்னிரண்டு படிநிலை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறத் தொப்பி. குலத்தைப் பார்க்காம ஆளைப் பார்த்துப் பதவி தரலாம்னு முதல் முயற்சி. 604-ல் 17 பிரிவு கொண்ட ஒரு சாசனம். முதல் பிரிவு இணக்கம், ரெண்டாவது புத்த நெறி, மூணாவது அரசாணைக்குக் கீழ்ப்படியறது. வரிசையைக் கவனிங்க, கட்டளைக்கு முன்னாடி நெறி வருது.

ஜெயிச்சவன் எழுதிய கதை

அடுத்த எழுபது வருஷத்தில் வேகமா நடந்ததைச் சுருக்கிச் சொல்றேன். 645-ல் அரசவையில், பேரரசியின் கண் முன்னாடியே, சோகா தலைவர் இருகாவை ஒரு இளவரசரும் நாகாதோமி குலத்துக் கமதாரியும் சேர்ந்து வெட்டினாங்க. நிலமும் மக்களும் இனி குலங்களுக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் சொந்தம்னு அறிவிப்பு வந்தது. 663-ல் பெக்ஜேவுக்கு உதவப் போன ஜப்பானியக் கப்பற்படையைத் தாங் சீனமும் சில்லாவும் சேர்ந்து கொரியக் கரையில் நொறுக்கினாங்க. சீனா படையெடுத்து வந்துடுமோன்னு பயம். கியூஷுவில் அரண் கட்டினாங்க, 670-ல் நாடு தழுவிய குடும்பக் கணக்கெடுப்பு எடுத்தாங்க. 672-ல் உள்நாட்டுப் போர். பேரரசர் டென்ஜி இறந்ததும் அவர் மகனை, சொந்தச் சித்தப்பாவே தோற்கடிச்சு அரியணையைப் பிடிச்சார். அந்தச் சித்தப்பாதான் பேரரசர் டென்மு.

இங்கே நிறுத்துறேன், ஏன்னா மொத்தக் கதையும் இந்த இடத்தில்தான் திரும்புது. டென்மு அண்ணன் மகனைப் போரில் வீழ்த்தி வந்தவர். வாளால் வந்தவனை நாளைக்கு இன்னொரு வாள் இறக்கிடும். அது நடக்காம இருக்க என்ன வேணும்? கதை வேணும்.

'டென்னோ', அதாவது வானுலகப் பேரரசர் என்ற பட்டம் எழுதின மரச்சீட்டு அசுகா பகுதியில் கிடைச்சது. அது டென்மு காலத்தது. 681-ல் அவர் நாட்டின் வரலாற்றைத் தொகுக்க ஆணை போட்டார். சூரிய தேவதை அமதெராசுவின் இசே கோயில் அரச குடும்பத்தோட தலைமைக் கோயிலாச்சு. அவர் மகள் இளவரசி ஓகுவை அங்கே சாமிக்குப் பணி செய்ய அனுப்பினார். அவர் இறந்த பிறகு மனைவி ஜிட்டோ பேரரசியானாங்க. 690-ல் இசே கோயிலைப் புதுசாக் கட்டும் வழக்கம் ஆரம்பம். இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் அச்சா அதே கோயில். நடுவில் போர்களால் விட்டுப்போன காலமும் உண்டு, ஆனாலும் 2013-ல் 62-ஆவது முறை கட்டினாங்க.

701-ல் டைஹோ சட்டத் தொகுப்பு. சீனச் சட்டத்தைப் பார்த்து எழுதினது. ஆனா மேல்மட்டத்தில் சீனத்தில் இல்லாத ஒண்ணு. நிர்வாகத்துக்கு ஒரு உச்ச சபை, அதுக்குச் சமமா பக்கத்திலேயே தெய்வங்களுக்கு ஒரு துறை, ஜிங்கிகான். மட்சுரிகொத்தோ இப்போ அரசாங்க அமைப்பாவே ஆயிடுச்சு.

இந்தச் சட்டம் சாதாரண ஆளை எப்படித் தொட்டது? ஆறு வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. ஆறு வயசு ஆனா ஆணுக்கு இவ்வளவு வயல், பெண்ணுக்கு அதில் மூணில் ரெண்டு பங்கு. பதிலுக்கு நெல்லு, துணி, ஊர்ப்பொருள், உடலுழைப்பு, படைச்சேவை. பொருளைத் தலைநகரத்துக்குச் சுமந்துக்கிட்டு நடந்தே போகணும். 712-ல் அரசாணையே ஒப்புக்குது: வரி கட்டிட்டுத் திரும்புற ஜனங்க சோறு இல்லாம வழியில் செத்து விழுறாங்கன்னு. அதே 712-ல்தான் கொஜிகி முடிஞ்சது. வழியில் விழுந்தவங்க பேர் அதில் இல்லை.

கொஜிகியைப் பழங்கதைகளை மனப்பாடமா வச்சிருந்த ஹியேதா நோ ஆரே சொல்லச் சொல்ல, ஓ நோ யசுமாரோ எழுதினார். 720-ல் நிஹோன் ஷோகி. ரெண்டும் சொல்ற மையக் கதை ஒண்ணுதான். அமதெராசுவின் பேரன் வானத்திலிருந்து இறங்கினான். அவன் வழிவந்த ஜிம்மு முதல் பேரரசர். அந்த ரத்தம்தான் இன்னைக்கு அரியணையில். குலங்களோட சாமிகள் எல்லாம் அமதெராசுவுக்குக் கீழே வரிசையா இடம் பிடிச்சுக்கிட்டாங்க. வேற இடத்தில், வேற வழியில் வந்த ஹிமிகோவுக்கு இந்த வம்சாவளியில் இடமில்லை. கொஜிகியில் அவங்க பேர் வராததை இந்த வெளிச்சத்தில் பார்த்தா ஆச்சரியமா இல்லை.

ஜிம்மு அரியணை ஏறினது கி.மு. 660-ன்னு எங்கிருந்து வந்தது? நாகா மிச்சியோ என்ற வரலாற்றாசிரியர் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். சீனப் பஞ்சாங்கத்தில் அறுபது வருஷச் சுழற்சி உண்டு. 21 சுழற்சிக்கு, அதாவது 1,260 வருஷத்துக்கு ஒருமுறை பெரிய மாற்றம் வரும்னு ஒரு நம்பிக்கை. ஷோட்டோக்கு காலத்து 601-லிருந்து 1,260 வருஷம் பின்னாடி எண்ணினா சரியா கி.மு. 660. இடைவெளியை நிரப்பணுமே? அதனால் ஜிம்மு 127 வயசு வாழ்ந்தார், பின்னாடி வந்தவங்களில் பலரும் நூறைத் தாண்டினாங்க. உண்மையில் அந்தக் காலத்தில் அங்கே எழுத்தும் இல்லை, அரசனும் இல்லை.

எல்லாமே கட்டுக்கதையான்னு கேட்டா, இல்லை. டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் ஒரு கல்லறையிலிருந்து துருப்பிடிச்ச வாள் ஒண்ணு எடுத்தாங்க. 1978-ல் எக்ஸ்ரே எடுத்தப்போ, தங்கத்தில் பதிச்ச 115 எழுத்துகள் தெரிஞ்சது. 471-ஆம் வருஷம், வகதகேரு என்ற மாமன்னர்கிட்ட வேலை பார்த்தவனோட வாள். அந்தப் பேர் பழைய நூல்களில் இருக்கிற பேரரசர் யூர்யாகு. இந்த மாதிரி மண்ணும் நூலும் ஒத்துப்போற இடமும் இருக்கு, ஒத்துப்போகாத இடமும் இருக்கு. எது எதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் வரலாறு. சுடா செய்ததும் அதைத்தான்.

கதை வேலை செய்தது

ஜப்பான் சீனாகிட்ட எழுத்து, சட்டம், நகர அமைப்பு, பஞ்சாங்கம் எல்லாத்தையும் வாங்கிக்கிச்சு. ஒண்ணை மட்டும் வாங்கலை. சீனத்தில் அரசனுக்கு வானம் தர்றது ஒரு ஒப்புதல். அவன் கெட்டுப்போனா வானம் அதைத் திரும்ப எடுத்துக்கும், வேற வம்சம் வரும். ஜப்பானில் உரிமை ரத்தத்தில் இருக்கு. நல்லவனோ கெட்டவனோ, அந்த வம்சம்தான்.

இதுக்கு ஒரு சோதனையும் வந்தது. 769-ல் டோக்கியோன்னு ஒரு துறவி. தலைநகரத்தோட குழப்பிக்காதீங்க, இவர் ஆள். பேரரசி ஷோட்டோகுவுக்கு ரொம்ப நெருக்கம். இந்தத் துறவியை அரியணையில் உட்கார வச்சா நாடு அமைதியா இருக்கும்னு உசா கோயிலில் அருள்வாக்கு வந்ததாச் செய்தி. உறுதிப்படுத்திக்கிட்டு வான்னு வாகே நோ கியோமாரோ என்ற அதிகாரியைப் பேரரசி அனுப்பினாங்க. அவர் திரும்பி வந்து, அரச ரத்தம் இல்லாதவன் உட்காரக் கூடாதுன்னு சாமி சொல்லிடுச்சுன்னார். அதுக்குக் கிடைச்ச பரிசு நாடு கடத்தல். ஆனா அவர் சொன்னதுதான் நின்னது. அடுத்த வருஷம் பேரரசி இறந்ததும் துறவியோட கதை முடிஞ்சது.

அதுக்கப்புறம் புத்திசாலிங்க யாரும் அரியணைக்கு ஆசைப்படலை. பின்னாடி நின்னாங்க. 645-ல் வெட்டின அந்தக் கமதாரியோட வம்சம்தான் ஃபுஜிவாரா. பொண்ணுகளை அரச குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, பேரன்களைப் பேரரசராக்கி, தாத்தாவா நாட்டை ஆண்டாங்க. அப்புறம் ஷோகன்கள் வந்து வாளால் ஆண்டாங்க. பேரரசர் உள்ளே, ஆள்றவர் வெளியே. ஹிமிகோவோட அந்த மூடின அரண்மனை இன்னும் மூடியேதான் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டு மெய்ஜி அரசாங்கம் அந்தக் கதவைத் திறந்து, பேரரசரை வெளியே கொண்டுவந்து, நிஹோன் ஷோகியைப் பள்ளிக்கூடப் பாடமாக்கிச்சு. டென்முவோட அரசவைக்குத் தேவைப்பட்ட கதை, இப்போ பீரங்கி வச்சிருக்கிற நவீன அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டுச்சு. முதல் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கு. அரசாங்கத்தோட உரிமையே ஒரு கதை மேல் நிற்கும்போது, அந்தக் கதை எப்போ, யார் எழுதினதுன்னு கேட்கிற வாத்தியார் எந்தப் படையையும்விட ஆபத்தானவர்.

1946 ஜனவரி 1. போரில் தோற்ற பிறகு, பேரரசரே தன் மக்களுக்கு ஒரு அறிக்கை விட்டார். தன்னை வாழும் தெய்வமா நினைக்கிறது தவறான கருத்துன்னார். 1947 அரசியல் சாசனம் பேரரசரை நாட்டின் சின்னம்னு சொல்லிச்சு, மதத்தையும் அரசையும் பிரிச்சது. இப்போ சுடா ஜெயிச்சுட்டார், இல்லையா? பேரரசர் முறையையே ஒழிக்கணும்னு அவர் சொல்வார்னு நிறையப் பேர் எதிர்பார்த்தாங்க. அதே 1946-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பேரரசர் இருக்கட்டும்னு! மக்களோட பாசத்தில் இருக்கட்டும்னார். அவருக்கு அரச குடும்பத்து மேல் கோபமே இருந்ததில்லை. கதையைக் கதைன்னு சொல்லணும்னு மட்டும்தான் சொன்னார். அதுக்குத்தான் தண்டனை.

கதை முடிஞ்சிடுச்சான்னா, இல்லை. பிப்ரவரி 11 இன்னைக்கும் ஜப்பானில் அரசு விடுமுறை, நாடு நிறுவப்பட்ட நாள். ஜிம்மு அரியணை ஏறினதாச் சொல்லப்படுற அதே தேதி. 2019 நவம்பரில் புதுப் பேரரசர் நருஹிதோ, ராத்திரி முழுக்க நடந்த சடங்கில், புது அரிசியை அமதெராசுவுக்குப் படைச்சார். டைஜோசைன்னு பேர். மதச் சடங்குக்கு அரசாங்கப் பணம் எடுக்கலாமான்னு அதுக்கு முந்தின வருஷமே பகிரங்கமாக் கேட்டது யார் தெரியுமா? பேரரசராகப் போறவரோட சொந்தத் தம்பி, இளவரசர் அகிஷினோ. அவர் மேல் யாரும் வழக்குப் போடலை. 1940-க்கும் இதுக்கும் நடுவில் நடந்த மாற்றம் இவ்வளவுதான். ஆனா இது சின்ன மாற்றம் இல்லை.

கடைசியா ஒண்ணு. 1979 ஜனவரியில், நாரா பக்கத்து மலைச்சரிவில் ஒரு விவசாயி தன் தேயிலைத் தோட்டத்தில் குழி தோண்டிக்கிட்டிருந்தார். ஒரு பழைய கல்லறை தட்டுப்பட்டது. உள்ளே ஒரு செப்புத் தகடு. அதில் ஓ நோ யசுமாரோன்னு பேர், அவர் இறந்த தேதி, 723. கொஜிகியை எழுதின அதே கை. அவர் எழுதின அரசர்களோட மேடுகளை இன்னும் வேலி போட்டு வச்சிருக்காங்க. எழுதினவர் மட்டும் மண்வெட்டி பட்டு வெளியே வந்துட்டார்.

உங்க ஊரில், நீங்க சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த ஏதாவது ஒரு பழம்பெருமைக் கதை இருக்கும். அது எந்த வருஷம் எழுதப்பட்டது, அப்போ யார் ஆட்சியில் இருந்தாங்கன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைச்சதை எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம். வர்றேன்.